தீர்ப்பைக் குழந்தை சொல்லட்டும்!

கதை கேட்கும் வயதிலேயே பிள்ளைகளை ஆராய்ந்து யோசிக்கப் பழக்க முடியும். அதற்குப் பெரியவர்கள் ஒரே ஒரு வரியை விட்டுக்கொடுக்க வேண்டும்.

பஞ்சுக் கிடங்கு கொழுந்துவிட்டு எரிகிறது. நான்கு கூட்டாளிகளும் தலையில் கைவைத்து நிற்கிறார்கள். எலித் தொல்லை தாங்காமல் நால்வரும் காசு போட்டு வாங்கிய பூனைதான் தீயைக் கொண்டுவந்தது. ஆளுக்கு ஒரு கால் என்று அந்தப் பூனையைப் பங்கு பிரித்திருந்தார்கள். ஒரு காலில் அடிபட்டது. அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் எண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டுப் போட்டார். விளக்கோரம் போன பூனையின் கட்டில் தீப்பிடித்தது. அலறிக்கொண்டு ஓடிய பூனை பஞ்சு மூட்டைகளுக்குள் பாய்ந்தது. முதல் முழுக்கச் சாம்பல். மற்ற மூவரும் நான்காமவரைத் தீர்ப்புச் சொல்லும் மரியாதை ராமனிடம் இழுத்துக்கொண்டு போகிறார்கள். ‘இவர் கட்டிய கட்டால்தான் எல்லாம் போச்சு. நஷ்டத்தை இவரே தரணும்.’

தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. அடுத்து வரும் தீர்ப்பும் பலருக்குத் தெரியும். அடிபட்ட காலால் பூனை ஓடியிருக்க முடியாது. நல்ல கால்கள் மூன்றும்தான் அதைக் கிடங்குக்குத் தூக்கிப் போயின. ஆகவே அந்த மூவர்தான் நான்காமவருக்கு நஷ்டஈடு தர வேண்டும். ‘பார்த்தியா, மரியாதை ராமன் எவ்வளவு புத்திசாலி!’ என்று சொல்லி விளக்கை அணைத்துவிடுவோம்.

அடுத்த முறை தீர்ப்புக்கு முந்திய வரியில் கதையை நிறுத்திப் பாருங்கள். ‘நீ மரியாதை ராமனா இருந்தா என்ன சொல்லுவ?’ என்று மட்டும் கேளுங்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளையால் இதற்குப் பல பக்கங்களிலிருந்து பதில் சொல்ல முடியும். ‘அவர் பூனைக்கு உதவிதானே செஞ்சாரு?’ என்று ஒரு பிள்ளை நோக்கத்தைப் பிடிக்கும். ‘பஞ்சு இருக்கிற இடத்துக்கிட்ட விளக்கை யாரு வெச்சா?’ என்று இன்னொன்று கவனக்குறைவைத் தேடும். ராமனின் தீர்ப்பைச் சொன்ன பிறகும் விடாமல், ‘அந்த மூணு காலும் ஓடாம நின்னிருந்தா பூனை செத்திருக்குமே!’ என்று ராமனையே மடக்கும் பிள்ளையும் உண்டு. நோக்கம் வேறு, விளைவு வேறு. காரணம் வேறு, குற்றம் வேறு. சட்டக் கல்லூரியில் விரித்துப் படிக்கும் இந்த வேறுபாடுகளைக் கதை கேட்கும் பிள்ளை பாயில் படுத்தபடியே தொட்டுவிடுகிறது.

புனைகதை வாசிப்பு பிள்ளைகளை யோசிக்க வைக்கும் என்று கல்வியாளர்கள் பலர் சொல்கிறார்கள். பள்ளிகள் வாசிப்பு இயக்கம் நடத்துகின்றன. புத்தகக் காட்சிகளில் குழந்தைகள் அரங்குகளைப் பெற்றோர் மொய்க்கிறார்கள். ஆனால் புத்தகத்தை வாங்கிக் கையில் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. கதைக்குள் பிள்ளை தானாக முடிவெடுக்க இடம் இருக்கிறதா, அந்த இடத்தை நாம் பிடுங்கிக்கொள்கிறோமா என்பதில்தான் மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது.

‘நீதி’ என்ற கடைசி வரி

நம் சிறுவர் கதைகளின் அடியில் பெரும்பாலும் ஒரு வரி தொங்கும். ‘நீதி: பேராசை பெரு நஷ்டம்.’ ‘நீதி: பொய் சொல்லக் கூடாது.’ பிள்ளைக்கு நல்லது சொல்லும் நோக்கத்தில்தான் பெரியவர்கள் அதை எழுதினார்கள். அது பலன் தருகிறதா?

கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் காங் லீயும் அவரது குழுவினரும் 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 3 வயது முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளிடம், ‘நான் வெளியே போகிறேன், அந்தப் பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு வந்து ஒரு கதை படித்துக் காட்டினார்கள். சிலருக்கு ‘ஓநாய் வருது’ என்று பொய்க் கூச்சல் போட்ட சிறுவனின் கதை. சிலருக்கு மூக்கு நீளும் பினோக்கியோ. சிலருக்கு, செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டு வாங்கிய ஜார்ஜ் வாஷிங்டன். அதன்பின், ‘பார்த்தாயா?’ என்று கேட்டார்கள். பொய்க்குத் தண்டனை கிடைத்த கதைகள் குழந்தைகளை உண்மை பேசவைக்கவில்லை. உண்மைக்கு மரியாதை கிடைத்த வாஷிங்டன் கதை ஓரளவு பேசவைத்தது. அதன் முடிவைத் தண்டனையாக மாற்றிச் சொன்னதும் அந்தப் பலனும் போய்விட்டது. மிரட்டும் நீதி பிள்ளைகளிடம் வேலை செய்யவில்லை.

அதே பல்கலைக்கழகத்தில் 2017-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாகத் தயாரித்தார்கள். ஒன்றில் சட்டை போட்ட விலங்குகள், மற்றதில் மனிதர்கள். மனிதர்கள் வந்த கதையைக் கேட்ட 4 முதல் 6 வயதுக் குழந்தைகள் தங்களுக்குக் கிடைத்த ஸ்டிக்கர்களை அதிகமாகப் பகிர்ந்துகொண்டார்கள். விலங்குக் கதை கேட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. கதையில் நடந்ததைத் தன் வாழ்க்கைக்குக் கொண்டுவருவது சிறு பிள்ளைக்குத் தானாக வராது. பஞ்சதந்திரத்தில் ஊறிய நாம் இதனால் நரியையும் முதலையையும் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. ‘நம்ம தெருவுல இப்படி நடந்தா?’ என்று ஒரு கேள்வி போட்டுக் கதையை வீட்டுக்குள் கொண்டுவந்தால் போதும். அந்த வேலையைக் கடைசி வரியிடம் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கிவிட்டோம்.

‘நீதி’யை எழுதிவிட்டால் பிள்ளைக்கு வேலை இல்லை. மனப்பாடம் செய்தால் போதும். ஆராய்ச்சி, சந்தேகம், எதிர்வாதம் எல்லாவற்றையும் அந்த ஒரே வரி முடித்துவைத்துவிடுகிறது.

நரி நினைப்பது வேறு, சொல்வது வேறு

ஆராய்ந்து சிந்திப்பதன் அடித்தளம், ‘எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்காது, ஒருவர் சொல்வது அவர் நினைப்பதாகவே இருக்க வேண்டியதில்லை’ என்ற புரிதல். இது பிறக்கும்போதே வந்துவிடுவதில்லை. 1980-களில் உளவியலாளர்கள் வகுத்த சோதனை ஒன்று இதைக் காட்டுகிறது. சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டியில் ஒளித்துவைக்கிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் ‘பெட்டியில்’ என்று சொல்லும். தனக்குத் தெரிந்தது சாலிக்கும் தெரியும் என்பது அதன் எண்ணம். நான்கு வயதைத் தாண்டும்போது ‘கூடையில்’ என்ற பதில் வரத் தொடங்குகிறது. தவறான நம்பிக்கை என்று ஒன்று உண்டு என்பது அப்போதுதான் பிடிபடுகிறது.

நம் பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியிடமிருந்து காகம் திருடிவந்த வடை நரிக்கு வேண்டும். வாயில் வருவதோ, ‘உன் குரல் எவ்வளவு இனிமை!’ காகம் அதை அப்படியே நம்புகிறது. கேட்கும் பிள்ளை நரியின் நினைப்பு, நரியின் பேச்சு, காகத்தின் நம்பிக்கை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் மனதில் நிறுத்தியாக வேண்டும். ‘பாடாதே காக்கா!’ என்று கத்தும் குழந்தை அதைச் சாதித்துவிட்டது.

கனடாவின் யார்க் பல்கலைக்கழக உளவியலாளர் ரேமண்ட் மார் குழுவினர் 2010-ல் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். கதைப் புத்தகப் பழக்கம் கூடிய குழந்தைகள் அடுத்தவர் மனதை ஊகிக்கும் சோதனைகளில் மேலே நின்றார்கள். தொலைக்காட்சிப் பழக்கத்துக்கும் அந்தத் திறனுக்கும் தொடர்பு தென்படவில்லை. புத்தகம்தான் காரணம் என்று இந்த ஒரே ஆய்வை வைத்து அடித்துச் சொல்லிவிடக் கூடாது. அடுத்தவரைப் பற்றி யோசிக்கும் பிள்ளைகள் கதையை அதிகம் விரும்பவும் கூடும். ஆனால் பெற்றோர் மடியில் உட்கார்ந்து கதை கேட்கும்போது நின்று, திரும்பி, ‘அது ஏன் அழுவுது?’ என்று கேட்க நேரம் இருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் திரை அந்த நேரத்தைத் தருவதில்லை.

> பெட்டிச் செய்தி: வேதாளம் போட்ட நிபந்தனை
>
> கேள்வியில் கதையை நிறுத்தும் உத்தி நமக்குப் புதிதல்ல. 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் வேதாளக் கதைகள் 25 இடம்பெற்றுள்ளன. ஒவ்வொரு கதையின் முடிவிலும் வேதாளம் தன்னைத் தோளில் சுமக்கும் மன்னனிடம் ஒரு சிக்கலைப் போடும். விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும். பேசினால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும்.
>
> 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமா சிறுவர் இதழ் இந்தக் கதைகளை வீடுதோறும் கொண்டுபோனது. மூலக்கதைகள் தீர்ந்த பின்னும் புதுப்புதுச் சிக்கல்களோடு வேதாளம் தொடர்ந்தது. தோளில் உடலைச் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமனை வரைந்தவர் ஓவியர் சங்கர்.
>
> அதே அமைப்பை அறிவியலுக்குத் திருப்பினார் ஆயிஷா இரா. நடராசன். அவரது ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ 2014-ல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது.

கேள்வி கேட்காமல் வளர்ந்தால்...

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்பதற்காக நின்றது. தெருவில் விளையாடிய குழந்தைகளுக்கு, காரில் வந்த 65 வயது மூதாட்டி சாக்லேட் கொடுத்தார். ‘பிள்ளை பிடிக்கும் கும்பல்’ என்ற வாட்ஸ்அப் செய்தி அந்த வட்டாரம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. கூட்டம் திரண்டது. மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். அந்த ஆண்டு இந்தியாவின் பல மாநிலங்களில் இதேபோன்ற கொலைகள் நடந்தன. ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து தனிநபர் அல்லது குழு அரட்டைகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அங்கே பரவியதும் ஒரு கதைதான். சொன்னவர் யார் என்று தெரியாத கதை. ‘இதை யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? சொல்லாமல் விட்டது என்ன?’ என்ற மூன்று கேள்விகளை அந்தக் கூட்டத்தில் நான்கு பேர் உரக்கக் கேட்டிருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கலாம். சின்ன வயதில் கதைப் புத்தகம் படித்தவர்கள் கூட்டத்தோடு சேர மாட்டார்கள் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ஒருவர் சொல்வதை நிறுத்தி நிதானித்துப் பார்க்கும் பழக்கம் 40 வயதில் திடீரென்று முளைப்பதில்லை. அதை ஆபத்தில்லாமல் பயின்று பார்ப்பதற்கான இடம் கதை. வடைக் கதையை ஒரு நாள் காகம் சொல்வதாகவும், மறுநாள் நரி சொல்வதாகவும், அடுத்த நாள் பாட்டி சொல்வதாகவும் சொல்லிப் பாருங்கள். ஒரே நிகழ்ச்சி சொல்பவரைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். பின்லாந்தில் பொய்ச் செய்திகளை இனம்காணும் கல்வி மழலைப் பருவத்திலேயே தொடங்குகிறது. இனிக்கப் பேசி ஏமாற்றும் நரியின் கதைகளை அதற்கு அங்கே பயன்படுத்துகிறார்கள்.

வதந்தியை நம்புவது முதல் விளைவு என்றால், இரண்டாவது விளைவு பிள்ளைகளின் பாதுகாப்புக் குறைவு. ‘பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும்’ என்று மட்டும் பழகிய குழந்தை, ஒரு பெரியவர் ‘இதை யார்கிட்டயும் சொல்லாதே’ என்று மிரட்டினாலும் கேட்டுக்கொள்ளும். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ இந்த இடத்தைத் தொடும் சிறுவர் நாவல். தொல்லைக்கு ஆளான சிறுமிக்கு ஒரு மரப்பாச்சி பொம்மை துணை நிற்கிறது. அறிவுரையாகச் சொன்னால் கூச்சமும் பயமும் தடுக்கும் விஷயத்தை, ‘அந்தப் பொண்ணு யாருகிட்ட சொல்லியிருக்கலாம்?’ என்ற கேள்வி வழியாக வீட்டில் பேச முடிகிறது. கதையில் வரும் ஒருத்தியைப் பற்றிப் பேசும்போது குழந்தை தன்னைப் பற்றியும் பேசத் துணிகிறது.

மூன்றாவது, படிப்பு. 2009-ஆம் ஆண்டின் பிசா தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 15 வயது மாணவர்களுக்கான அந்தச் சர்வதேசத் தேர்வில், பங்கேற்ற 74 பகுதிகளில் இந்த இரண்டும் கடைசி வரிசையில் நின்றன. வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டிய தமிழ்நாட்டு மாணவர்கள் 17 சதவீதம்தான். அந்தத் தேர்வின் கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்கு அந்நியமானவை என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் அது சோதித்தது மனப்பாடத்தை அல்ல. படித்ததிலிருந்து ஒரு முடிவுக்கு வர முடிகிறதா என்பதை. நாம் பழக்காமல் விட்டது அதைத்தான்.

நான்காவது விளைவைப் புள்ளிவிவரத்தில் தேட முடியாது. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ குறுநாவலைப் படித்தவர்களுக்கு அது தெரியும். வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்டதற்காக அடிவாங்கும் சிறுமி, வலி தெரியாமலிருக்க வழி தேடி, மரத்துப்போகும் மருந்தைத் தனக்கே செலுத்திக்கொண்டு உயிரை விடுகிறாள். 1990-களில் வெளிவந்த அந்தச் சிறிய நூல் ஆசிரியர்களிடையே கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. அது கற்பனைக் கதை. ஆனால் ‘அதிகப்பிரசங்கி’ என்ற ஒரே பட்டத்தில் வாயடைத்துப்போன பிள்ளைகள் நாம் படித்த வகுப்புகளிலும் இருந்தார்கள்.

வீட்டில் எப்படி? மூன்று வினாடி பொறுத்தால் போதும்

1988-ல் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் தலைமையிலான குழு ஒரு சிறு மாற்றத்தைச் சோதித்தது. சுமார் 2 முதல் 3 வயதுவரை உள்ள குழந்தைகளுக்குப் படக்கதை படித்துக்காட்டும் பெற்றோர் இரு பிரிவு. ஒரு பிரிவினர் வழக்கம்போலப் படித்தார்கள். மற்றவர்களுக்கு எளிய பயிற்சி: ‘ஆமா’, ‘இல்லே’ என்று முடியாத கேள்வி கேளுங்கள், குழந்தை சொன்னதை ஒரு படி நீட்டித் திருப்பிச் சொல்லுங்கள், மெல்ல மெல்லக் கதை சொல்லும் வேலையைக் குழந்தையிடமே விடுங்கள். நான்கே வாரம். அதே அளவு நேரம்தான் படித்தார்கள். ஆனால் பயிற்சி பெற்ற பெற்றோரின் குழந்தைகள் பேச்சு வெளிப்பாட்டில் மற்றவர்களைவிடப் பல மாத வளர்ச்சி முன்னே போயிருந்தார்கள்.

இன்னொன்று, மௌனம். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அளந்து காட்டினார். அதை மூன்று வினாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன; காரணம் சொல்வது கூடியது; வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். வீட்டில் நாமும் அப்படித்தான். கேட்ட கையோடு பதிலையும் சொல்லிவிடுகிறோம்.

வடைக் கதை முடிந்தபின் ஒரு பாட்டிக்கும் ஏழு வயதுப் பேத்திக்கும் பேச்சு இப்படிப் போகலாம்:

‘பாட்டி, நரி ஏமாத்தினது தப்புதானே?’

‘நீ என்ன நெனைக்கிற, கண்ணு?’

‘தப்புதான். ஆனா காக்காவுக்கு நல்லா வேணும்.’

‘ஏன் அப்படிச் சொல்ற?’

‘அது மட்டும் கேட்டா எடுத்துச்சு? திருடிட்டுதானே வந்துச்சு!’

‘அப்ப ரெண்டும் ஒண்ணா?’

‘ம்... இல்ல. காக்கா திருடிச்சு. நரி பொய் சொல்லிச்சு. அதுக்குக் காக்கா குரல் நல்லா இல்லேன்னு தெரியும்.’

‘நரிக்குத் தெரியும்னு உனக்கு எப்படித் தெரியும்?’

இந்தப் பாட்டி ஒரு பதிலும் சொல்லவில்லை. ‘நீ என்ன நெனைக்கிற’, ‘ஏன்’, ‘ரெண்டும் ஒண்ணா’, ‘எப்படித் தெரியும்’ என்று நான்கே கருவிகள். பேத்தியோ இரண்டு குற்றங்களை ஒப்பிட்டு, வேறுபடுத்தி, தன் கருத்தையே திருத்திக்கொண்டு, கடைசியில் ஆதாரம் தேட வேண்டிய இடத்துக்கு வந்து நிற்கிறாள்.

இதற்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பள்ளிக்கூடப் பக்கமே போகாத தாய், பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே, ‘அப்புறம்? அவன் ஏன் அப்படிப் பண்ணான்?’ என்று கேட்டால் அதுவே பாடம். படித்த பெற்றோர் செய்யும் பிழையிலிருந்து அவர் தப்பியும் விடுகிறார். புத்தகத்தில் இருக்கும் முடிவு அவருக்கு முன்கூட்டித் தெரியாது. இருவரும் சேர்ந்தே யோசிக்கிறார்கள்.

> பெட்டிச் செய்தி: எந்த வயதில் எந்தக் கேள்வி?
>
> 3 முதல் 5 வயது: ‘இப்ப என்ன நடக்கும்?’, ‘அது ஏன் பயப்படுது?’, ‘நாய்க்குட்டி ஒளிஞ்சிருக்கிறது அம்மாவுக்குத் தெரியுமா?’ படத்தைக் காட்டிக் கேளுங்கள். பக்கத்தைத் திருப்பும்முன் நிறுத்துங்கள்.
>
> 6 முதல் 8 வயது: ‘நீயா இருந்தா?’, ‘அவன் பசியில எடுத்திருந்தா உன் முடிவு மாறுமா?’, ‘இந்தக் கதைக்கு வேற முடிவு வெக்கலாமா?’ ஒவ்வொரு பதிலுக்கும் ‘ஏன்’ கேளுங்கள்.
>
> 9 முதல் 11 வயது: ‘இதை யார் சொல்றாங்க? அவங்க சொல்றதை நம்பலாமா?’, ‘கதையில யாரு பேசவே இல்ல?’, ‘எழுதினவர் யார் பக்கம்?’
>
> எல்லா வயதுக்கும்: ஒரு கதைக்கு இரண்டு மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். பிள்ளை கதையில் மூழ்கியிருந்தால் கேள்வியே வேண்டாம். முதலில் கதை ருசிக்க வேண்டும்.

கதையையே கேள்வி கேட்கலாம்

நம் பழைய கதைகளில் சித்தி என்றால் கொடுமைக்காரி. அரக்கன் என்றால் கறுப்பு. ராஜா சந்தோஷப்பட்டால் பாதி ராஜ்யத்தோடு மகளையும் பரிசாகக் கொடுத்துவிடுவார்; அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இவற்றைக் கேட்டு வளரும் குழந்தைகளில் கறுப்பு நிறப் பிள்ளைகளும் சித்தியின் அன்பில் வளரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இந்தக் கதைகளை எரித்துவிட வேண்டியதில்லை. துடைத்துச் சுத்தமாக்கிக் கொடுப்பதும் முழுத் தீர்வாகாது. ‘இளவரசிகிட்ட கேட்டாங்களா?’ என்ற ஒரு கேள்வி போதும். அச்சில் வந்துவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையை அது முதன்முதலாக அசைக்கிறது. கதையைக் கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை, விளம்பரத்தையும் மேடைப் பேச்சையும் பாடநூலையும் அதே கண்ணோடு பார்க்கும்.

வகுப்பறையில் என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தர்க்கம் சொல்லிக்கொடுத்த மேத்யூ லிப்மன், கல்லூரிக்கு வந்தபின் யோசிக்கக் கற்றுத்தருவது காலம் கடந்த வேலை என்று கருதினார். பாடநூல் எழுதாமல் சிறுவர் நாவல் எழுதினார். அதில் ஹாரி என்ற பையன் வகுப்பில் கவனிக்காமல் இருந்துவிட்டு, ‘எல்லாக் கோள்களும் சூரியனைச் சுற்றும், வால்நட்சத்திரமும் சுற்றுகிறது, ஆகவே அதுவும் கோள்’ என்று பதில் சொல்லி மாட்டிக்கொள்கிறான். ‘எல்லா’ என்று தொடங்கும் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பினால் உண்மை கெட்டுவிடும் என்பதை அவனும் நண்பர்களும் சேர்ந்து கண்டுபிடிப்பதுதான் கதை. 1974-ல் லிப்மன் நியூஜெர்சியில் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். ‘குழந்தைகளுக்குத் தத்துவம்’ என்ற அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது.

பலன்? இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் நடந்த மதிப்பீடு 2015-ல் வெளிவந்தது. வாசிப்பிலும் கணக்கிலும் சுமார் இரண்டு மாத முன்னேற்றம் தெரிந்ததாக அது சொன்னது. பின்னர் இன்னும் அதிகப் பள்ளிகளில் நடத்திய பெரிய சோதனையில் வாசிப்பு மதிப்பெண் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பிள்ளைகள் தயக்கமின்றிப் பேசுவதையும் அடுத்தவர் பேச்சைக் கேட்பதையும் ஆசிரியர்கள் கவனித்துச் சொன்னார்கள். மதிப்பெண் ஏறும் என்ற ஆசையில் இதில் இறங்குகிறவர்கள் ஏமாறலாம். காரணம் சொல்லிப் பேசும் பிள்ளைகள் வேண்டும் என்பவர்களுக்கு இது தேவை.

தமிழ்நாட்டில் நிலைமை நம்பிக்கையும் கவலையும் கலந்தது. கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் திறனை அளக்கும் ‘அசர்’ ஆய்வின்படி, 2-ஆம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த 5-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 2018-ல் சுமார் 40 சதவீதம். கொரோனாவுக்குப் பிறகு, 2022-ல் அது 25 சதவீத அளவுக்குச் சரிந்தது. 2024-ல் மீண்டும் ஏறத் தொடங்கியது. எழுத்துக் கூட்டுவதற்கே திணறும் பிள்ளையிடம் ஆராய்ச்சிக் கேள்வியா என்று ஓர் ஆசிரியர் கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் இரண்டும் வரிசையில் நிற்க வேண்டியவை அல்ல. படிக்கத் தெரிவதற்கு முன்பே பிள்ளைக்குக் கேட்கவும் யோசிக்கவும் தெரியும். அடுத்து என்ன என்ற ஆவல் ஏறினால்தான் எழுத்தோடு மல்லுக்கட்டவும் தெம்பு வரும்.

பள்ளிக் கல்வித் துறை 2022-ல் 4, 5-ஆம் வகுப்புகளுக்கு ‘ஊஞ்சல்’, 6 முதல் 9 வரை ‘தேன்சிட்டு’ என்று சிறுவர் இதழ்களைத் தொடங்கியது. 2023-ல் வந்த ‘வாசிப்பு இயக்கம்’ நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு கதைப் புத்தகங்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. அம்புலிமாமா நின்றுபோன, அச்சில் சிறுவர் இதழ்கள் அருகிவிட்ட காலத்தில் இது பெரிய காரியம். பாடநூலைத் தவிர வேறு புத்தகமே இல்லாத வீடுகளின் பிள்ளைகளுக்கு இவைதான் முதல் கதைப் புத்தகங்கள்.

இந்தப் புத்தகங்களும் இன்னொரு பாடநூலாகிவிடக் கூடாது. ‘வடையை எடுத்தது எது?’ என்பதற்கு விடை வரியிலேயே இருக்கிறது. கோடிட்ட இடத்தை நிரப்பினால் முடிந்தது. ‘காகத்துக்குப் பசித்த குஞ்சுகள் இருந்தால் உன் தீர்ப்பு மாறுமா?’ என்பதற்கு விடை புத்தகத்தில் இல்லை, பிள்ளையிடம் இருக்கிறது. வாரத்தில் ஒரு பாடவேளை, ஒரு கதை, இப்படி ஒரே ஒரு கேள்வி. மதிப்பெண் வேண்டாம், பதிவேடு வேண்டாம். ஆசிரியருக்கு அந்த ஒரு பாடவேளையைப் பாடத்திட்டச் சுமையிலிருந்து மீட்டுத் தருவது அரசின் பொறுப்பு.

> பெட்டிச் செய்தி: தமிழில் என்ன இருக்கிறது?
>
> சாகித்ய அகாதெமி 2010 முதல் வழங்கும் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற சில தமிழ் நூல்கள்:
>
> 2020: மரப்பாச்சி சொன்ன ரகசியம் – யெஸ். பாலபாரதி
>
> 2021: அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை – மு. முருகேஷ்
>
> 2022: மல்லிகாவின் வீடு – ஜி. மீனாட்சி
>
> 2023: ஆதனின் பொம்மை – உதயசங்கர்
>
> 2024: தன்வியின் பிறந்தநாள் – யூமா வாசுகி
>
> 2025: ஒற்றைச் சிறகு ஓவியா – விஷ்ணுபுரம் சரவணன்
>
> காசில்லாமல் படிக்க: பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் படிநிலை வாரியாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தையும் மறக்க வேண்டாம். 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம்.

கேள்வி நம் பக்கமும் திரும்பும்

இதற்கு ஒரு விலை உண்டு. கதையில் வரும் ராஜாவின் தீர்ப்பைக் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை, அப்பாவின் தீர்ப்பையும் கேள்வி கேட்கும். ‘தம்பி அழுதா மட்டும் ஏன் அவன் கேக்கிறதைக் குடுக்கிறீங்க?’ என்று கேட்கும். ‘அவங்க வீட்டுல சாப்பிடக் கூடாதுன்னு ஏன் சொல்றீங்க?’ என்று கேட்கும். அந்தக் கேள்விகள் நமக்குச் சௌகரியமாக இருக்காது. சிலவற்றுக்கு நம்மிடம் நியாயமான பதிலே இருக்காது.

அப்போது ‘வாயை மூடு’ என்று சொன்னால், அதுவரை சொன்ன கதைகள் அத்தனையும் வீண். கதையில் மட்டும் யோசிக்கலாம், வீட்டில் கூடாது என்று பிள்ளை சரியாகப் புரிந்துகொள்ளும். ‘நீ கேட்டது சரி, நானும் யோசிக்கணும்’ என்று சொல்லும் பெற்றோரும் ஆசிரியரும்தான் இந்தப் பழக்கத்தை உயிரோடு வைத்திருப்பார்கள். கதை முடிந்ததும் ‘நீதி’ சொல்லும் உரிமையைப் பிள்ளையிடம் கொடுப்பது அந்த நேர்மைக்கு முதல் படி. இன்றிரவே அதைத் தொடங்கலாம். அதற்குப் பணமோ பயிற்சியோ தேவையில்லை. கதையைச் சொல்லுங்கள், கேள்வியைக் கேளுங்கள், மூன்று வினாடி பொறுத்திருங்கள். பிள்ளை சொல்லும் பதில் உங்கள் பதிலாக இல்லாவிட்டாலும், அதற்கு அது சொல்லும் காரணத்தைக் கடைசிவரை கேளுங்கள்.